மகாராணிக்குப் புளித்த ஆகாயத்தாமரை

எங்கள் பசுவுக்கு மகாராணி என்று பெயர் வைத்தது நான்தான். துளி மண் ஒட்டியிருந்தால்கூட அந்தப் புல்லில் வாய் வைக்க மாட்டாள். மழை பொய்த்துப் புல்லும் வைக்கோலும் தீர்ந்துபோன வருடத்தில் இந்தப் பவிசு பெரிய தலைவலியாகிவிட்டது.

"பட்டினி போட்டுக் கொல்றதுக்குப் பதிலா வித்துடலாம். தரகர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் என் கணவர். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கன்றுக்குட்டியாக வந்தவளைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நான்.

ஏரி முழுக்க ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. அதைப் பச்சையாகப் போட்டால் மகாராணி திரும்பியும் பார்க்க மாட்டாள். நறுக்கி வெயிலில் வாட்டி, வெல்லப்பாகும் தவிடும் கலந்து, டிரம்மில் இறுக மிதித்துக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்தால் மாடு தின்னும் என்றார் கால்நடை டாக்டர். இரண்டு டிரம் அடைத்தேன்.

"புளிச்சு வர்ற வரைக்கும் பொறுத்துக்கிறேன். அதையும் தின்னலைன்னா வண்டியில ஏத்திடுவேன்" என்றார் அவர்.

தரகர் கயிற்றோடு வந்து நின்ற காலையில் முதல் டிரம்மைத் திறந்தேன். குடலைப் புரட்டும் நாற்றம். உள்ளே எல்லாம் கறுத்துப் பூசணம் பூத்துக் கிடந்தது. பக்கத்தில் நின்ற என் நாத்தனாரின் முகம் வெளிறிப்போனது.

"அண்ணி, நான்தான் தினம் திறந்து ஒரு கிளறு கிளறி மூடினேன்."

அவள் ஊறுகாய் போட்டு விற்கிறவள். ஜாடியைக் கிளறாத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. "டிரம்மைத் திறக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று கத்தினேன். "ரெண்டாவது டிரம்மையும் கிளறிட்டியா?"

"இல்ல அண்ணி. அது மேலதானே உட்கார்ந்து உங்க தம்பிகூட போன் பேசுவேன்? வீட்டுல அங்க மட்டும்தான் டவர் கிடைக்குது. இதைக் கிளறிட்டு அதுக்கு வரலாம்னு உட்காருவேன், அவர் பேச ஆரம்பிச்சிடுவார்." வெளியூரில் வேலை பார்க்கும் அவள் புருஷனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். பேச்சு என்று வந்துவிட்டால் அந்த மனுஷன் லேசில் விடமாட்டார்.

இரண்டாவது மூடியைத் திறந்தேன். கனிந்த பழம் போலப் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை வந்தது. ஒரு கூடை அள்ளித் தொட்டியில் போட்டேன்.

மகாராணி மோந்தாள். புஸ்ஸென்று மூச்சு விட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டாள். தரகர் கயிற்றைப் பிரித்தார். "தின்னுடி, என் தாயே" என்று கெஞ்சினேன். அவள் நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு கழுத்துவரை தலையைத் தொட்டிக்குள் விட்டவள் அதை வெளியே எடுக்கவே இல்லை.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். "அண்ணே, நீங்க டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்று தரகரிடம் சொன்ன என் கணவரின் குரலும் கரகரத்தது. விற்க அவருக்கும் மனசில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலமே ஏரிக்குப் போய் மறுபடி அறுத்து வந்தோம். மறுநாள் வெயிலில் வாடவிட்டு, கெட்டுப்போன டிரம்மைத் தேய்த்துக் கழுவி அடைத்து மூடினேன். நாத்தனார் மெதுவாக நழுவப் பார்த்தாள்.

"எங்கடி போற? இது மேல ஏறி உட்காரு. தம்பிக்குப் போனைப் போடு."