யாரும் நிறுத்தச் சொல்லவில்லை

மைக்செட்காரருக்கு அந்தக் கண்டனக் கூட்டமும் வழக்கமான வாடகைதான். இரண்டு ஒலிபெருக்கி, ஒரு ஆம்ப்ளிஃபயர், காவல் நிலையத்தில் முறைப்படி வாங்கிய அனுமதி. பேச வந்தவள் அடுத்த தெருத் தையல்காரி. சாக்கடை அடைப்பால் வந்த தகராறைப் பற்றிப் புகார் கொடுக்கப் போன அவள் கணவனை நிலையத்திலேயே அடித்து அனுப்பியிருந்தார்கள். அவனால் இன்னும் இடது கையைத் தூக்க முடியவில்லை.

அவள் மைக்கைப் பிடித்தாள். "எனக்குப் பேசத் தெரியாது, தைக்கத்தான் தெரியும். தப்பா இருந்தா பிரிச்சுத் தைச்சுக்குங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுங்கிறாங்க. அப்ப என் வீட்டுக்காரரை அடிச்சவர் மேல கேஸ் எங்க? அவர் பேரை இப்ப சொல்றேன்..."

ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கி அசைத்தார். மைக்செட்காரர் அதைப் பார்த்தார். அவர் யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் போய் சுவிட்சை அணைத்தது.

அவள் சொன்ன பெயர் முன்வரிசையைத் தாண்டவில்லை. "சத்தம் வரலை!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவள் திரும்பி மைக்செட்காரரைப் பார்த்தாள்.

"லைன் போச்சும்மா" என்றார். மேடை விளக்குகள் எல்லாம் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தன.

கூட்டத்தில் இருந்த அவர் மனைவி எழுந்து பக்கத்தில் வந்தாள். "லைன் போச்சா, இல்ல உங்களுக்கு உசுரு போச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

அவள் போனதுமே இன்ஸ்பெக்டர் வந்தார். "ஏன்யா நிறுத்திட்டே? நான் டிரைவரை வண்டியைத் தள்ளிப் போடச் சொன்னேன். ஒன்பது மணி வரைக்கும் பர்மிஷன் இருக்கே!"

மைக்செட்காரர் பதறிப்போய் சுவிட்சைப் போட்டார். அதற்குள் பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. தையல்காரியும் மேடையைவிட்டு இறங்கியிருந்தாள்.

மறுநாள் ஊரெல்லாம் ஒரே பேச்சு, போலீஸ்தான் மைக்கை நிறுத்தியது என்று. தையல்காரியும் அப்படியே நம்பினாள், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அது கைபேசிகளில் பரவியது. போலீஸ் மேல் பொய்ப்பழி போட்டதாகச் சொல்லி அவளை நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். சாட்சியாக மைக்செட்காரரையும் கூப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க" என்றார். அந்த மரியாதையே மைக்செட்காரருக்கு வியர்வையை வரவழைத்தது.

"நான் உங்களை நிறுத்தச் சொன்னேனா?"

"இல்லைங்க சார்."

"என் ஆளுங்க யாராவது சொன்னாங்களா?"

"இல்லைங்க."

எழுத்தர் எழுதிக்கொண்டார். சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் அவருக்கு உடம்பு கூசியது. சுவரோர பெஞ்சில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன், அடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

"சார், இன்னொண்ணும் சேர்த்துக்குங்க" என்றார் மைக்செட்காரர். "நீங்க சொல்லலை. ஆனா அவரை அடிச்ச மாதிரி என்னையும் அடிப்பீங்கன்னு பயந்துதான் நிறுத்தினேன்."

எழுத்தரின் பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் சிரித்தார். "உங்க பயத்துக்கெல்லாம் நாங்களா பொறுப்பு? கேட்டதுக்கு மட்டும் பதில் போதும். கையெழுத்தைப் போடுங்க."

அதையும் எழுதினால்தான் போடுவேன் என்று சொல்ல அவர் வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

தையல்காரியிடம் மன்னிப்பு எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மைக்செட்காரர் வாசல்படியில் காத்திருந்தார்.

"மன்னிச்சிடும்மா. உள்ள உண்மையைச் சொன்னேனே, கேட்டியா?"

"கேட்டேண்ணே. நாலு சுவத்துக்குள்ள சொன்னீங்க. அன்னைக்கு ஊரே உக்காந்திருந்துச்சு." அவள் குரலில் கோபமே இல்லை. கணவனுக்குப் படியைக் காட்டி மெல்ல இறக்கிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகும் வழியில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்கத்தான் செய்தாள். நாலு வார்த்தை வைதிருந்தால் தேவலை என்று இருக்கும் அவருக்கு. சட்டை கிழிந்தால்கூட, மூன்று தெரு சுற்றிப் போய் வேறொரு தையல்காரரிடம்தான் கொடுத்தார்.