திருத்தாமல் வந்த அட்டை

எதிர்வீட்டு அகராதிக்காரர் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லோடு மூன்று மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ‘போலார்’ என்பது அந்தச் சொல். பூமியின் துருவத்துக்கும் அதுதானாம், காந்தத்தின் முனைக்கும் அதுதானாம், ஒன்றுக்கொன்று நேரெதிராக நிற்பதற்கும் அதுதானாம். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. எழுதியவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கையெழுத்து இருந்தால்தான் அச்சுக்கு எடுப்பார்கள்.

சரிபார்ப்பவர் அவருடைய மனைவி. எங்களுக்கு அண்ணி. அண்ணிதான் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாரே! என்ன சண்டை என்று மட்டும், எவ்வளவு காதைத் தீட்டியும் எனக்குப் பிடிபடவில்லை. அட்டைகள் தபாலில் போய்வந்தன.

முதல் அட்டையில் பனிக்கரடியைக் கொண்டுபோய்த் தென்துருவத்தில் விட்டிருந்தார். தற்செயலாகப் பார்த்தேன். சரி, பார்ப்பதற்கென்றே போனேன் என்று வையுங்கள்.

“என்னண்ணே, கரடி வடக்கதான இருக்கு? டிவில பாத்தேனே.”

“சத்தம் போடாதம்மா. தப்பு இருந்தாத்தான் திட்டி ரெண்டு வரி எழுதுவா.”

சிவப்பு மையில் வந்தது: ‘கரடி வடக்கே. மூளை எங்கே?’ காதல் கடிதம் வந்த மாதிரி அதைப் படித்துக்காட்டினார். அடுத்தது காந்தம். ஒத்த முனைகள் ஈர்க்கும் என்று எழுதினார். ஒரே சொல்லில் பதில் வந்தது: ‘விலக்கும்.’ மனிதருக்கு அதற்கும் வாயெல்லாம் பல்.

கடைசி அட்டையில் துணிந்துவிட்டார். ‘நேரெதிரான’ என்று எழுத வேண்டிய இடத்தில், ‘பிரிக்க முடியாத, முப்பது வருடம் ஒட்டிக்கிடந்த’ என்று எழுதி அனுப்பினார்.

பத்து நாள் தபால்காரரை வாசலிலேயே வழிமறித்தார். உறை வந்ததும் நானும் கூடவே உள்ளே போனேன். கூப்பிடவில்லைதான். அட்டையில் சிவப்பே இல்லை. கீழே அண்ணியின் கையெழுத்து மட்டும்.

“ஒத்துக்கிட்டாங்க, அண்ணே!” என்று கத்திவிட்டேன்.

அவர் உறைக்குள் கிடந்த துண்டுக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். ‘படிக்காமலே போட்டிருக்கிறேன். இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’

ஒரு காற்புள்ளி தப்பினாலும் விடாத மனுஷி!

அவர் புது அட்டை எடுத்து ‘நேரெதிரான’ என்று எழுதினார். பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“சரியா இருக்கான்னு பாரும்மா.”

“எனக்கு என்னண்ணே தெரியும்?”

“சரின்னு சொல்லேன்.”

சொன்னேன். அண்ணி போடும் இடத்தில் என் பெயரைப் போட்டேன். நான் இன்னும் அங்கேதான் நிற்கிறேன் என்பதை மறந்து மனிதர் அழ ஆரம்பித்தார். யாரும் போகச் சொல்லாமலே நான் அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தது அன்றுதான்.