இருநூறு நரம்புகளை அளந்தவன்

1

ஆகஸ்ட் பதினாறு, மாலை நாலு பத்து. பீளமேட்டு வாடகை வீட்டில், மடிக்கணினியில், கடைசிப் படத்திலிருந்த நரம்பை அளந்து முடித்தேன். இந்தக் கதை அங்கே தொடங்கியது. தொடங்காமல் இருந்திருக்கலாம்.

2

முதல் வரி: ‘லோகப்பிரியா ஓர் ஆராய்ச்சியாளர்.’ (அடித்துவிட்டேன். என் மனைவி.)

மறுபடி: நரம்பு செல்லின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. நரம்பு நீள அவை உதவும். அவற்றைச் செய்வது கடினம். அதனால் அவற்றைப் போல நடிக்கும் ஒரு பெப்டைடை, சிறு புரதத் துண்டை, லோகா செய்தாள். ஒப்பிட இன்னொன்று: அதே துணுக்குகள், வரிசை மட்டும் கலைந்தது. அது வேலை செய்யக் கூடாது.

(போலச் செய்வது கதைக்கும்… வேண்டாம்.)

3

அவள் அப்பா பெயர் சென்னிமலை. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் பட்டறை. ஜனவரியில் கிரைண்டிங் சக்கரம் உடைந்து வலது முன்கை நரம்பை அறுத்தது. காலிலிருந்து நரம்பெடுத்து ஒட்ட வேண்டும், ஆறு மாதத்துக்குள் என்றார் டாக்டர்.

மார்ச்சில் லோகா அப்பாவுக்குப் போன் செய்தாள்.

“லேப் தட்டுல நரம்பு வளந்திருக்குதுங்கப்பா. ரெண்டு மடங்கு.”

“அப்பொறம் காலை எதுக்குக் கண்ணு அறுக்கோணும்? உன்ற மருந்தே வரட்டும்.”

மருந்தாக வருடங்கள் ஆகும் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சிரித்தாள். (பக்கத்தில் இருந்தேன். நானும் சிரித்தேன்.) அவர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்.

4

எந்தத் தட்டில் எந்தப் பெப்டைடு என்று தெரிந்தே அவள் அளந்திருந்தாள். அவள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய ஆய்விதழ்க்காரர்கள், எது எதுவென்று தெரியாத ஒருவர் அளக்கட்டும் என்றார்கள். இலக்கியம் படித்த கணவன் அகப்பட்டான்.

“படத்துல நரம்புக் கோடு மங்கலா இருந்தா?” என்று கேட்டேன்.

“உட்டுருங்க. போன தடவை நான் உடல.”

இருநூறு படங்கள், எண்கள் மட்டும். முடித்ததும், எந்த எண் எந்தத் தட்டு என்று எழுதி ஒட்டிவைத்த உறையைப் பிரித்தாள். இரண்டு தட்டிலும் ஒரே நீளம்.

5

முடிவு அ: உறை மாறிவிட்டது. (மாறவில்லை. மூன்று முறை பார்த்தாள்.)

முடிவு ஆ: இன்னும் காலம் இருக்கிறது என்கிறார் டாக்டர். (கேட்டோம். தசை வற்றிவிட்டது, இனி ஒட்டிப் பயன் குறைவு என்றார்.)

முடிவு இ: லோகா அப்பாவிடம்

6

ஞாயிறு மாமனார் வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. இடது கையால் வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. லோகா வெளியே வரவில்லை.

(அவர் கேட்கப்போவதற்குப் பதிலை நீங்கள் எழுதுங்கள்.)

“ஏனுங் மாப்ள, அம்மணி ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குது. அளந்தது நீங்கதானுங்களே. நல்லா வளந்திருக்குதுங்களா?”