நூற்றுக்கு நூறு ஈரம்

நூற்பாலையில் காலையிலிருந்து நூல் அறுந்துகொண்டே இருந்தது. புது மேனேஜருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியம் முதலாளி வருகிறார். வேலையை நிரந்தரமாக்குவதா, மூட்டை கட்டச் சொல்வதா என்று இன்றுதான் முடிவு. எதற்கெடுத்தாலும் படம் போட்டு விளக்குவதால் அவருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் பவர்பாயிண்ட்.

"பஞ்சு சரியில்ல சார்," என்றாள் மேற்பார்வை பார்க்கும் அக்கா. "ஒட்ட ஒட்ட அறுந்துக்கிட்டே இருக்கு."

"பஞ்சு இல்லக்கா, காத்து." சுவரில் காற்றின் ஈரத்தைக் காட்டும் இரட்டை வெப்பமானியைத் தட்டினார் மேனேஜர். ஒன்று வெறுமனே தொங்கியது. மற்றதன் குமிழில் துணி சுற்றி, அதன் வாலை ஒரு தகரக் குப்பிக்குள் விட்டிருந்தது. "ஈரத்துணித் தண்ணி ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போகும். இந்தப் பக்கம் குளிரணும். ஆனா ரெண்டும் ஒரே சூடு. அப்படின்னா?"

"நீங்களே சொல்லுங்க சார். எப்படியும் சொல்லத்தான போறீங்க."

"காத்துல இனி ஒரு சொட்டுக்கும் இடமில்ல. நூத்துக்கு நூறு ஈரம். ஈரம் மிஞ்சினா இழை ஒட்டிக்கிட்டு அறும், அதான் தண்ணி தெளிக்கிற மிஷின காலையிலயே நிறுத்தச் சொன்னேன்."

"நூத்துக்கு நூறா? எனக்கு உதடு வெடிக்குதே."

"தண்ணி குடிங்க."

மேனேஜர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். முதலாளியிடம் சொல்லப் பருவநிலை மாற்றம் பற்றி ஒரு பேருரை தயாரித்தார். அறுந்த பஞ்சிழைகள் அவர் பேன்ட்டில் பூனைமயிர் மாதிரி அப்பின. தட்டினால் கையில் ஒட்டின. இரும்புக் கதவைத் தொட்டதும் சுரீரென்று ஷாக் அடித்தது.

ஈரக் காற்றில் இப்படி அடிக்காதே. ஓடிப்போய்த் துணியைத் தொட்டார். அப்பளம் போல் காய்ந்திருந்தது. குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தார், தூசி விழுந்தது. ஆவியாகத் தண்ணீரே இல்லாவிட்டால் துணி எப்படிக் குளிரும்?

"இதுல தண்ணிய யாரு கொட்டினது?"

"நீங்கதான சார், போன வாரம் கொசு ஒழிக்கணும், ஆலைக்குள்ள எங்கயும் தண்ணி தேங்கக்கூடாதுன்னு படம் போட்டுச் சொன்னீங்க. ஒரு குப்பி விடல."

தண்ணீர் ஊற்றினார். துணி நனைந்தது; அந்தப் பக்கத்து அளவு சரசரவென்று இறங்கியது. கூடமே பாலைவனமாகக் காய்ந்துகிடந்தது; காய்ந்த காற்றில்தான் நூல் இப்படி அறும். தெளிப்பான்களைப் போடச் சொல்லித் திரும்பினால், வாசலில் முதலாளி.

"என்னய்யா, இவ்வளவு அறுந்து கெடக்கு?"

மேனேஜர் பேருரையை விட்டுவிட்டார். "குப்பித் தண்ணிய கொட்ட வச்சது நான் சார். தப்பா அளந்து, ஈரத்தையும் நான்தான் நிறுத்தினேன்."

முதலாளி வெப்பமானியை எட்டிப் பார்த்தார். "காத்து ஈரமாக எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி நேரம்."

"அதுவரைக்கும் நீயும் நின்னு நூல் ஒட்டு. மத்தத அப்புறம் பேசலாம்."

ஓடுகிற இழையைப் பிடிக்க அவர் விரல்கள் தடுமாறின. ஒன்றை ஒட்டுவதற்குள் பக்கத்தில் மூன்று அறுந்தன. முதுகுக்குப் பின்னால் முதலாளி நின்றுகொண்டே இருந்தார்.

"டையை சட்டைக்குள்ள விடுங்க சார்," என்றாள் அக்கா. "மிஷின் புடிச்சா பதவியெல்லாம் பாக்காது."