சனிக்கிழமைகளில் பாடுகிறவர்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், டெக்ஸஸ் மாநிலம் ஹூஸ்டன் மாநகரில், தமிழ்ச் சங்கத் தலைவரும் நாவலரும் பெண்ணினக் காவலருமாகிய திரு. இளங்குமரன் அவர்களின் ஒரே மகள் கண்மணிக்குத் திருமணம் சீரும் சிறப்புமாக நடைபெறும். அந்த வைபவத்தில் திருமதி வசந்தாமணி கடைசி வரிசையில் உட்காருவார்.

அறிவிப்பின் பிற்பாதியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இளங்குமரனும் அவர் மனைவி ருக்மிணியும் வசந்தாமணியின் சமையலறையில் உட்கார்ந்து வெகுநேரமாக மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள்.

“காபி ஆறுது,” என்றார் வசந்தாமணி.

“ஆறட்டுங்க, பரவால்ல,” என்றார் இளங்குமரன். கையில் துண்டுச்சீட்டு இல்லாமல் மேடையில் ஒரு மணி நேரம் முழங்கக்கூடிய மனிதருக்கு இந்த மேஜையில் ஒரு வாக்கியம் பிடிபடவில்லை. மனைவியைப் பார்த்தார். மனைவி மிக்சரில் முந்திரியைத் தேடினாள்.

“மணி, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது,” என்று கடைசியில் ருக்மிணிதான் ஆரம்பித்தாள். “என் அக்கா மரகதம் மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்காங்க இல்ல, அவங்க கொஞ்சம் பழைய டைப். தாலித் தட்டு சுத்தி வரும்போது முன்னாடி சுமங்கலிங்களா இருந்தா நல்லாருக்கும்னு சொல்றாங்க.”

தேங்காய் மேல் தாலியை வைத்த தட்டு சபையில் சுற்றி வரும். பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். கணவனை இழந்தவர்கள் முன்னால் வரும்போது மட்டும் அந்தத் தட்டுக்குத் திடீரென்று அவசரம் வந்துவிடும்.

“நான் தொடக் கூடாது. அதானே?”

“தொடக் கூடாதுன்னு யாரு சொன்னா? தட்டு உங்க பக்கம் வராது, அவ்ளோதான்.”

வசந்தாமணி ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டுபோய் மைக்ரோவேவில் வைத்தார். அது சுற்றுவதைப் பார்த்தபடியே கேட்டார். “சரி, தட்டு வேணாம். தாலி கட்டும்போது கிட்ட நின்னு பாக்கலாமா? எனக்கு அது போதும்.”

மைக்ரோவேவ் மட்டும் கூவியது.

கண்மணிக்கு அவர் ரத்த உறவு இல்லை. ஆனால் இளங்குமரனும் ருக்மிணியும் வேலைக்குப் போன வருஷங்களில் வசந்தாமணியின் வீட்டு டேகேரில்தான் கண்மணி வளர்ந்தாள். அவளுக்குச் சோறு இறங்காது. வசந்தாமணி ரேடியோவில் பழைய அமெரிக்கப் பாட்டுகளைத் திருப்பிவிட்டு, அந்தத் துள்ளல் மெட்டில் “ஆ காட்டு கண்மணி, ஆ காட்டு” என்று சொந்தமாகக் கட்டிப் பாடினால்தான் வாய் திறக்கும்.

“எனக்குப் பர்சனலா இதுல நம்பிக்கையே கிடையாது,” என்றார் இளங்குமரன். “ஆண்டு விழாவுல இதைப் பத்தித்தானே பேசினேன். கேசட் குடுத்தேனே.”

“குடுத்தீங்க. ரெண்டு தடவ.”

“ஊர்ல எல்லாருக்கும் குடுத்தாச்சு,” என்றாள் ருக்மிணி. “வீட்ல காலி கேசட்டுன்னு ஒண்ணு கிடையாது. கையில கிடைச்சதுல எல்லாம் காபி பண்ணிடறார். என் பக்திப் பாட்டு கேசட்ல இப்ப பாதி சாமி, பாதி இவர்தான்.”

பேச்சு தன் பக்கம் திரும்பியதில் இளங்குமரனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. “அதுவும் இல்லாம, சாயங்காலம் ரிசப்ஷன்ல நீங்கதான் ஹைலைட். மாப்பிள்ளை ப்ரையன் உங்க பெரிய ஃபேன். நடு மேடையில நில்லுங்க, யாரு கேக்கப் போறா? ரிசப்ஷன் அமெரிக்கன் ஃபங்ஷன். இந்த சம்பிரதாயமெல்லாம் அதுக்கு அப்ளை ஆகாது.”

“ஓ. லஞ்சுக்கு அப்புறம் எனக்குச் சரியாயிடும்.”

அவர் கோபமாகச் சொன்னாரா வேடிக்கையாகச் சொன்னாரா என்று இருவருக்கும் விளங்கவில்லை. இரண்டு பேரும் பத்திரமாகச் சிரித்து வைத்தார்கள்.

வசந்தாமணி ஹூஸ்டன் வட்டாரத்தில் ராக்கபில்லி பாடிய முதல் தமிழ்ப் பெண். இரண்டாமவர் இன்னும் கிளம்பவில்லை. ராக்கபில்லி என்பது ஐம்பதுகளில் அமெரிக்கத் தென்மாநிலத்துப் பையன்கள் நாட்டுப்புறப் பாட்டையும் கறுப்பர்களின் தாளத்தையும் சேர்த்துக் குலுக்கியதில் பிறந்தது. பெரிய பாஸ் வாத்தியத்தை மீட்டுவதோடு நிற்காமல் அதன் தந்திகளை அறையவும் செய்வார்கள். பாடுகிறவர் நடுநடுவே வேண்டுமென்றே குரலை உடைத்து விக்குவார். அதில் பெண்கள் அப்போதே குறைவு. சேலை கட்டிய பெண்கள் அறவே கிடையாது.

இந்தக் கலைவாழ்வைத் தொடங்கிவைத்த பெருமை முழுக்கத் தமிழ்ச் சமூகத்தையே சேரும். சுத்திகரிப்பு ஆலையில் இன்ஜினியராக இருந்த அவர் கணவர் ஒருநாள் வேலையிடத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதுவரை சனிக்கிழமை என்றால் வசந்தாமணிக்கு விளக்குப் பூஜை, வளைகாப்பு, புதுவீடு என்று ஓயாத அழைப்பு. காரியம் முடிந்த மறுமாதத்திலிருந்து டெலிபோன் மௌனவிரதம் பூண்டது. யாரும் அவரை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை; அழைக்கவில்லை, அவ்வளவுதான். படித்த சமூகம்.

ஆக, சனிக்கிழமைகள் காலியாகக் கிடந்தன. ஹூஸ்டனை ஒட்டிய பாசடீனாவில், அவர் கணவர் வேலை பார்த்த ஆலைக்கு எதிரில், ஒரு நடனக்கூடத்தில் சனிக்கிழமை தோறும் யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம். ஒரு சனிக்கிழமை வீட்டில் சுவரைப் பார்த்து அலுத்துப்போய், கைத்தறிச் சேலையும் கம்பளிச் சட்டையுமாக அங்கே ஏறிப் பாடினார். சிறுவயதில் கர்நாடக சங்கீதத்தில் கற்றுக்கொண்ட பிருகா ஒன்று விக்க வேண்டிய இடத்தில் தானாக வந்து விழுந்தது. தொப்பிக்காரர்கள் பீர் பாட்டிலைக் கீழே வைத்தார்கள். அது டென்னஸி மலைப்பக்கத்து வித்தை என்று அவர்களில் ஒருவர் அடித்துச் சொன்னார். எர்ல் என்ற பாஸ்காரரும் லீராய் என்ற டிரம்மரும் அன்றே ஒட்டிக்கொண்டார்கள். ஏழே வருஷத்தில் ஆஸ்டின் வரை போஸ்டர். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்த அன்று இளங்குமரன் முதல் ஆளாகப் போன் செய்து, ‘தமிழினத்துக்கே பெருமை’ என்றார். அந்த வாரச் சங்க விளக்குப் பூஜைக்கு வசந்தாமணியைக் கூப்பிடவில்லை. அது வேறு இலாகா.

கடைசி வரிசைச் செய்தி கண்மணிக்கு எட்டியதும் அவள் நேரே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“திஸ் இஸ் ரிடிகுலஸ், ஆன்ட்டி. ப்ரையனோட மாம் ரெண்டு தடவ விடோ. ரெண்டு தடவ. ஷி இஸ் இன் த ஃப்ரன்ட் ரோ. அப்பாவைக் கேட்டா, ‘அவங்க கல்ச்சர் வேற’ங்கறார்.”

“கரெக்டுதானே. அவங்க ஊர்ல செத்தா, தோஷம் செத்தவங்களோட போயிடுது.”

“நான் கேன்சல் பண்றேன். கோர்ட்ஹவுஸ்ல போய் கல்யாணம் பண்ணிக்கறேன்.”

“வேணாம்டி. உங்கப்பா மனசு ஒடிஞ்சுடுவார். மனசு ஒடிஞ்சா பேச ஆரம்பிச்சுடுவார்.” அவள் தலையில் கை வைத்தார். “கடைசி வரிசைலயும் சேர் போட்டுத்தான் இருக்காங்க. போ.”

அவள் போன பிறகு, கல்யாணத்துக்குக் கட்ட எடுத்து வைத்திருந்த மாம்பழ நிறப் பட்டுச் சேலையை அலமாரியில் திரும்ப வைத்தார். சற்று நேரம் கழித்து மறுபடி எடுத்தார்.

கல்யாணக் காலை. ஹாலை இரண்டாம் முறை திறந்துவிட மேனேஜர் மறுத்துவிட்டதால், ரிசப்ஷனுக்கான டிரம்மும் பாஸும் விடிந்ததும் வந்து பின்பக்கச் சுவரோரம் இறங்கியிருந்தன. கடைசி வரிசை அவற்றை ஒட்டியே இருந்தது. வசந்தாமணிக்கு வலப்பக்கம் எர்ல், இடப்பக்கம் லீராய். இருவரும் கோட்டு சூட்டில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாலித் தட்டு வந்தது. முன் வரிசையில் மாப்பிள்ளையின் தாயார் டாரதி அம்மாள் அதை இரண்டு கையாலும் ஆசையாகத் தொட்டார். மரகதமே தட்டைத் தாழ்த்திப் பிடித்துக் கொடுத்தாள். பிறகு தட்டு நான்காம் வரிசையோடு திரும்பிப் போய்விட்டது.

இங்கேயிருந்து மணவறை தெரியவில்லை. ஒரு தூணும், தூணுக்கு இப்புறம் ஒரு வீடியோக்காரரின் முதுகும் தெரிந்தன.

நாதஸ்வரக்காரருக்கு விசா கிடைக்காததால் மேளதாளம் கேசட்டில். அந்தப் பொறுப்பை வேறு யாரிடமும் நம்பிக் கொடுக்க மனமில்லாமல் இளங்குமரனே டேப்ரிக்கார்டர் பக்கத்தில் நின்றார். ப்ரையன் தாலியைக் கையில் எடுத்தான். குருக்கள் விரலை ஆட்டி, “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றார். இளங்குமரன் பொத்தானை அழுத்தினார்.

“அன்புத் தாய்க்குலமே,” என்றது கேசட். இளங்குமரனின் குரல் நான்கு ஸ்பீக்கர்களிலும் கணீரென்று எழுந்தது. “கணவனை இழந்தாள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணை மங்கல நிகழ்ச்சிகளில் மூலையில் உட்காரவைக்கும் மூடர்களைப் பார்த்துக் கேட்கிறேன்...”

கேசட்டில் பலத்த கைதட்டல். கூடத்தில் இல்லை. டாரதி அம்மாள் மட்டும் அதை மந்திரம் என்று நினைத்துக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

இளங்குமரன் பதறிப்போய் கேசட்டை உருவித் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் உரையின் இரண்டாம் பகுதி இருந்தது.

“என்ன ஓய் இது?” என்றார் குருக்கள். “நல்ல நேரம் போயிண்டிருக்கு. மேளம் இல்லாம கட்டப்படாது. யாராவது தும்மித் தொலைச்சா என்ன பண்றது?”

மரகதம் தும்மினாள்.

பெண்ணினக் காவலர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார், கடைசி வரிசை வரைக்கும். “மணி, இவங்களை ஏதாவது வாசிக்கச் சொல்லுங்க. என்னவா இருந்தாலும் சரி. சத்தமா.”

“வாசிப்பாங்க,” என்றார் வசந்தாமணி. “நான் கை காட்டினாத்தான் லீராய் எடுப்பான்.”

“காட்டுங்களேன்.”

“இங்கேருந்து எனக்குத் தாலி தெரியாதே. தெரியாம எப்படிக் காட்டறது? முன்ன பின்ன ஆயிடுச்சுன்னா அபசகுனம்பீங்க.”

இளங்குமரன் தூணைப் பார்த்தார். வீடியோக்காரரின் முதுகைப் பார்த்தார். உலகத்தில் யாராவது வந்து காப்பாற்றுவார்களா என்று பார்த்தார்.

“வாங்க,” என்றார், முணுமுணுப்பாக.

மாம்பழப் பட்டு நடுவழியே நடந்து போயிற்று. மணவறைப் படியில் மரகதம் குறுக்கே வந்தாள். “சாமி, இவங்க வந்து...”

“மாமி, செத்தத் தள்ளுங்கோ,” என்றார் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காத குருக்கள். “மேளக்காரா வரா. வாத்தியத்துக்கு தோஷம் கிடையாது.”

கண்மணி கை நீட்டித் தட்டை வாங்கி, ப்ரையன் கையிலிருந்த தாலியைத் தேங்காய் மேல் வைத்தாள். “ஆன்ட்டி, யூ ஃபர்காட் திஸ்.”

வசந்தாமணி தொட்டார். தாலியை எடுத்து அவரே ப்ரையன் கையில் கொடுத்தார். பிறகு லீராய்க்குத் தெரியும்படி தூணை விட்டு ஓர் அடி தள்ளி நின்று கையை உயர்த்தி இறக்கினார்.

பின்சுவரிலிருந்து லீராய் இடித்தான். எர்ல் தந்திகளை அறைந்தான். நடுவே அவர், மைக்கில்லாமல், கூடம் அதிரப் பாடினார்: “ஆ காட்டு கண்மணி, ஆ காட்டு.” பிருகா விக்கி விழுந்த இடத்தில் ப்ரையன் முதல் முடிச்சைப் போட்டான். மணப்பெண், இருபத்து நான்கு வயது அக்கவுண்டன்ட், பழக்கதோஷத்தில் வாயை அகலத் திறந்தாள். ஒரு தும்மலும் யார் காதிலும் விழவில்லை. நேரம் தவறவில்லை. சாஸ்திரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

வீடியோ ஆறு வாரம் கழித்து வந்தது. இளங்குமரன் பக்கத்தில் உட்கார்ந்து எடிட் செய்யவைத்திருந்தார். தாலி கட்டும்போது சுத்தமான நாதஸ்வரம் ஒலிக்கிறது. வசந்தாமணி நின்ற இடத்தில் ஒரு பெரிய ரோஜாப்பூ மெதுவாகச் சுழல்கிறது. குருக்களின் வலது கால் மட்டும் நாதஸ்வரத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு தாளத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

அவ்வருஷ ஆண்டு விழாவில் விதவையர் மறுவாழ்வு குறித்து இளங்குமரன் ஆற்றிய உரை, அவர் இதுவரை ஆற்றியவற்றுள் ஆகச் சிறந்தது என்று சங்கத்தார் ஒருமனதாகச் சொன்னார்கள். முன் வரிசையில் வசந்தாமணிக்கு ஒரு நாற்காலி போட்டு, பெயர் எழுதி ஒட்டி, பொன்னாடையும் தயாராக மடித்து வைத்திருந்தார்கள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. அவருக்கு ஆஸ்டினில் கச்சேரி இருந்தது.