கருப்பர் கயிறு

கல்யாண மண்டபத்தில் மதியப் பந்தி வேலை முடிந்து ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தபோது அவன் மேல் சாராய நெடி அடித்தது. மணிக்கட்டில் கயிறு இல்லை.

மனைவி அன்புமொழி முதலில் பார்த்தது மணிக்கட்டைத்தான். ஆடியில் கருப்பர் கோயில் பூசாரி கட்டிவிட்ட கயிறு அது. கையில் இருக்கும்வரை குடிக்க மாட்டேன் என்பது சத்தியம். குடிக்க நினைக்கிறவன் முதலில் கயிற்றை அவிழ்த்துவிடுவான். கயிற்றோடு குடிக்கிற துணிச்சல் அந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. இன்னொரு தடவை குடித்தால் பொன்னமராவதிக்கு, பிறந்த வீட்டுக்கே போய்விடுவேன், வர மாட்டேன் என்று அன்று அவளும் அதே சந்நிதியில் சொல்லியிருந்தாள்.

அவள் பீரோவைத் திறந்து சேலைகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள்.

கயிறு எரிந்துபோனது என்றான். கந்தர்வக்கோட்டை மண்டபத்தில் வெளிப் பந்தலில் பஃபே. பாத்திரங்களுக்கு அடியில் சூட்டுக்கு வைக்கும் எரிசாராய ஜெல் டப்பா அணைந்துவிட்டதென்று எடுக்கக் கையை விட்டிருக்கிறான். அணையவில்லை. கயிறு பற்றிக்கொண்டது. தண்ணீர் டிரம்மில் கையை முக்கினான். வீட்டில் கேஸ் தீர்ந்திருந்ததால் மிஞ்சிய டப்பா ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். வழியில் மூடி கசிந்து சட்டை நனைந்துவிட்டது.

"எரியிற தீ தெரியாமயா கைய விட்டீங்க?"

"வெயில்ல அது தெரியாது அன்பு."

"போன தடவ இருமல் மருந்துன்னீங்க."

அவன் ஈரச் சட்டையைக் கழற்றித் தள்ளியிருந்த கொடியில் போட்டான். கையையும் மேலையும் கழுவினான். வாசல் வெயிலில் டப்பாவைத் தட்டில் வைத்து, தீக்குச்சி கிழித்துக் காட்டிவிட்டு விலகினான். அவள் பையோடு நிலைப்படியில் நின்றாள். தீ எதுவும் தெரியவில்லை. பற்றவில்லை என்றாள்.

அவன் ஒரு முந்திரிச் சருகை எடுத்து டப்பாவுக்கு மேலே பிடித்தான். சருகு சுருண்டது, கறுத்தது, எரிந்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள். தானே கிட்டப் போய் உள்ளங்கையை நீட்டினாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அவன் இடுக்கியால் தட்டைப் பிடித்து அடுப்படிக்குக் கொண்டுபோனான். உள்ளே இருட்டு. டப்பாவின் வாயில் நீலமாகத் தீ நின்றது. வெயிலில் இருந்ததும் இதே தீதான். டப்பாவில் இப்போது நெடி இல்லை. அவ்வளவும் எரிந்து சூடாகிக்கொண்டிருந்தது.

"இந்தக் கருமத்தத்தான் வயித்துக்குள்ள ஊத்திக்கிட்டு இருந்தேன்" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தாள். கயிறு இருந்த இடத்தில் வளையமாகச் சிவந்திருந்தது. முடி பொசுங்கியிருந்தது. ஓரத்தில் சின்னக் கொப்புளம். அதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. புருஷன் கையில் கொப்புளத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"வலிக்குதா?"

"எரியுது."

குடத்துத் தண்ணீரை மெதுவாக அந்தக் கையில் ஊற்றினாள். போதும் என்று அவன் சொன்ன பிறகும் ஊற்றினாள். பிறகு டப்பாவின் இருபுறமும் செங்கல் வைத்து, மேலே பால் சட்டியை ஏற்றினாள்.

நாளைக்கே போய் வேறு கயிறு கட்டிக்கொள்ள வேண்டும் என்றான்.

"இந்தத் தடவ இடுப்புல கட்டச் சொல்லுங்க" என்றாள்.

பால் பொங்குவதற்குள் சேலைகளைத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டு வந்தாள்.