மேசையைத் தட்டிய கை

2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. கூலாயில் நடந்த சதுரங்கப் போட்டியின் அறிவிப்புப் பலகையில், "எதிராளிக்குத் தொந்தரவு கொடுத்ததற்காக லோஷினி எச்சரிக்கப்பட்டார்" என்று எழுதி ஒட்டினார்கள். அந்த எதிராளி மதிவாணன். என்ன தொந்தரவு என்று ஒரு வரி சேர்க்க எவருக்கும் மனம் வரவில்லையே என்று அவருக்கு நெஞ்சு கொதித்தது.

அது கடைசிச் சுற்று. வெல்பவருக்கு மாநில அணியில் இடம். பாசிர் கூடாங்கில் இரவு வேலையை முடித்துவிட்டு நேரே வந்திருந்தார் மதிவாணன். தொழிற்சாலை இரைச்சலுக்காகக் காதில் செருகிய நுரை அடைப்பான்களை எடுக்கவும் மறந்திருந்தார். பெரிய தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்ய அவருக்கு ஏது நேரம்? நடுவிலிருக்கும் சிப்பாய்களைத் தொடாமல், வழக்கம்போல் ஓரத்திலிருந்தே தொடங்கினார். ராணிப் பக்கத்துக் குதிரைக்கு முன்னிருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, அது விட்டுப்போன இடத்தில் பிஷப்பை நிறுத்தினார். அது எதிர்மூலையைப் பார்த்தபடி காத்திருந்தது.

ஆட்டம் பாதியைத் தாண்டியதும், கன்னத்தில் கையூன்றியவர் அப்படியே உறங்கிப்போனார். ஓடிக்கொண்டிருந்தது அவருடைய கடிகாரம்; நேரம் தீர்ந்தால் தோல்விதான். லோஷினி பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும், அணியில் இடம் அவளுக்குத்தான்.

"அண்ணே... அண்ணே, உங்க டைம் ஓடுது!"

அடைத்த காதில் எப்படி விழும்? மேசையை ஓங்கித் தட்டினாள். மதிவாணன் திடுக்கிட்டு விழித்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

நடுவர் சோமசேகரம் விரைந்து வந்தார். "என்ன பிள்ளை இது? எதிராளியைக் குழப்பக்கூடாது எண்டு தெரியாதோ?"

"தூங்கிட்டாரு சார்."

"அது அவற்ற பாடு. ரூல் ரூல்தான்."

லோஷினியை எச்சரித்துவிட்டு, அவளுக்குத் தண்டனையாக மதிவாணனின் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் கூட்டினார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் பிஷப்புக்கு வழி திறந்தது. லோஷினியின் ராஜா சிக்கியது.

கைகுலுக்கும்போது மதிவாணன் வியப்புத் தாங்காமல் கேட்டார். "அலமாக், ஏம்மா எழுப்புன? சும்மா இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்பே லா!"

"தூங்குற ஆள ஜெயிச்சேன்னு வீட்டுல போய்ச் சொல்லவா? நல்லா கேட்டீங்க! மொதல்ல காதுல இருக்கிறத எடுங்கண்ணே."

எடுத்தார். அன்று அவர் தெளிவாகக் கேட்ட முதல் ஒலி, அவளுடைய சிரிப்பு. இன்று மாநில அணியில் தம் பெயரைக் காணும்போதெல்லாம் அந்தச் சிரிப்புக்கு நன்றி சொல்லிக்கொள்கிறார்.

ஆனால், அந்தப் பலகையைப் படமெடுத்து ஊரெல்லாம் பரப்பினார்கள். அப்படிப் பரப்பியவர்களுள் நீங்களும் ஒருவராயின், அதை யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்கள் அத்தனை பேருக்கும் அவள் ஏன் தட்டினாள் என்பதையும் இன்றே எழுதி அனுப்புங்கள்.